ஸ்டென்ட் வைத்து ஐந்து மாதம்: பழைய பழக்கம் திரும்பும்போது வீட்டார் என்ன செய்யலாம்?

கேள்வி: என் கணவருக்கு 54 வயது. கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து வியாபாரம் செய்கிறார். விடியற்காலை மூன்று மணிக்கே கிளம்பிவிடுவார். ஐந்து மாதத்துக்கு முன் மாரடைப்பு வந்து ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். சர்க்கரையும் இருக்கிறது. முதல் இரண்டு மாதம் பீடியை விட்டார், உப்பில்லாமல் சாப்பிட்டார், தினமும் நடந்தார். இப்போது எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பிவிட்டது. டீயோடு இரண்டு பீடி. தனியாகச் சமைத்து வைத்தால் தட்டைத் தள்ளிவிடுகிறார். நடக்கச் சொன்னால், "துறைமுகத்துல நாள் முழுக்க நடந்துகிட்டுதானே இருக்கேன்" என்கிறார். ராத்திரி மாத்திரையைப் பாதி நாள் மறந்துவிடுகிறார். நானும் மகனும் சொல்லிச் சொல்லி வீட்டில் தினமும் சண்டை. கூடவே நின்று காவல் காப்பதா, விட்டுவிடுவதா?
(ஒரு வாசகி, கடலூர்)

அன்புச் சகோதரிக்கு,

போகிற போக்கில் நீங்கள் எழுதியிருக்கும் மாத்திரை விஷயத்தை முதலில் எடுக்கிறேன். மற்றவற்றைச் சரிசெய்ய நாள் எடுத்துக்கொள்ளலாம். இதற்கு நாள் கொடுக்க முடியாது.

மாரடைப்புக்காக ஸ்டென்ட், அதாவது ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சின்ன வலைச்சுருள், வைத்தவர்களுக்கு ஆஸ்பிரினோடு குளோபிடோக்ரெல் அல்லது டிகாக்ரெலார் என்று இன்னொரு மாத்திரையும் தருவார்கள். இரண்டும் சேர்ந்து ஸ்டென்டுக்குள் ரத்தம் உறையாமல் காக்கின்றன. பொதுவாக ஒரு வருடம் இரண்டையும் எடுக்க வேண்டும், அதன் பிறகும் ஒன்று தொடரும். ஐந்தாவது மாதத்தில் விட்டு விட்டு எடுத்தால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்து, குழாய் சில நிமிடங்களில் முழுதாக அடைபட்டுவிடலாம். அதனால் அவர் மறக்கும் அந்த ராத்திரி மாத்திரை எது என்று மருந்துச் சீட்டை எடுத்துப் பாருங்கள். டிகாக்ரெலார் என்றால் அது காலை, மாலை என இரண்டு வேளை மாத்திரை. ராத்திரி வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை வரை பாதுகாப்பு குறைந்து இருக்கிறார் என்று பொருள். அட்டோர்வாஸ்டாடின் அல்லது ரோசுவாஸ்டாடின் என்றால் அது கொழுப்புக்கானது.

மறப்பதற்குக் காரணம் அலட்சியமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மூன்று மணிக்கு எழுந்து போகிறவர் ராத்திரி எட்டு மணிக்கே கண் சொருகிப் படுத்துவிடுவார். "இரவு உணவுக்குப் பின்" என்று எழுதிய சீட்டு அவருடைய நாளுக்குப் பொருந்தவில்லை. அட்டோர்வாஸ்டாடினையும் ரோசுவாஸ்டாடினையும் எந்த நேரத்திலும் எடுக்கலாம். மருத்துவரிடம் சொல்லி, அவர் தவறாமல் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடும் வேளைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். டிகாக்ரெலாருக்கு ஏறத்தாழ 12 மணி நேர இடைவெளி வேண்டும், அதையும் அவருடைய நேரத்துக்கே கணக்குப் போட்டுத் தரச் சொல்லுங்கள். ஏழு நாள் அறைகள் உள்ள மாத்திரை டப்பா மருந்துக்கடையில் கிடைக்கும். அதை சாமி அலமாரியிலோ ஃபிரிட்ஜ் மேலோ வைக்காமல், அவர் செல்போனையும் கணக்கு நோட்டையும் வைக்கும் இடத்திலேயே வையுங்கள். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை வழக்கம்போல ஒன்றுதான், இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. பல் பிடுங்கப் போனாலும் இதய மருத்துவரைக் கேட்காமல் ரத்தம் உறையாமைக்கான மாத்திரையை நிறுத்தக் கூடாது. உடம்பு வலிக்கு மருந்துக்கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் இவருக்கு ஆகாது. இதயத்துக்கும் கேடு, ஆஸ்பிரினோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவும் வரலாம். வலிக்கு பாராசிட்டமால் போதும்.

இன்னொன்று, நம் ஊருக்கே உரியது. 2011-இல் தானே புயலும் 2024-இல் ஃபெஞ்சலும் கடலூர், புதுச்சேரிப் பக்கம் என்ன செய்தன என்று உங்களுக்குத் தெரியும். அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, குறைந்தது பதினைந்து நாள் மாத்திரை கையிருப்பில் இருக்கட்டும். கடைசி அட்டை தீரும் நாளில் கடைக்குப் போகும் பழக்கம் மழைக்காலத்துக்கு உதவாது.

இனி, இரண்டு மாதம் நன்றாக இருந்தவர் ஏன் மாறினார் என்பதற்கு வருகிறேன். மஞ்சள் காமாலைக்குப் பத்தியம் இருப்பதுபோல இதய நோயையும் நம் வீடுகளில் நடத்துகிறார்கள். உப்பு, எண்ணெய், மீன் எல்லாம் ஒரே நாளில் நிறுத்தம், உடம்பு தேறியதும் பழையபடி. காமாலையில் பெரும்பாலும் கல்லீரல் தேறிவிடும், பத்தியமும் முடியும். ரத்தக்குழாய் நோய்க்கு அப்படி ஒரு முடியும் நாள் கிடையாது. ஸ்டென்ட் ஓர் இடத்துக் குறுகலைத் திறந்திருக்கிறது, அவ்வளவுதான். கொழுப்புப் படிவு மற்ற இடங்களிலும் குழாய்ச் சுவருக்குள் இருக்கிறது. அது வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைவதுதான் பெரும்பாலான மாரடைப்புகளின் காரணம். பாதிகூட அடைபடாத இடத்திலும் அப்படி நடக்கும். அவருக்கோ இப்போது வலி இல்லை, மூச்சு வாங்கவில்லை, வேலை செய்ய முடிகிறது. முதல் இரண்டு மாதம் அவரை நடத்தியது பயம். அது தணிந்துவிட்டது. தணிவது இயல்பு. மறுபடி பயமுறுத்தினால் இன்னொரு பதினைந்து நாள் ஓடும், அதற்கு மேல் தாங்காது.

அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில்: காவலும் வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம். அவருடைய வேலை நேரத்துக்குள், அவரே ஒப்புக்கொண்ட ஒன்றிரண்டு மாற்றங்களைச் சின்னதாக நுழைத்து, அவை பழகிய பிறகு அடுத்ததற்குப் போவதுதான் வழி. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடிக்காதீர்கள். வரிசை வேண்டுமென்றால் மாத்திரை, பீடி, நடை, அதன் பிறகு சாப்பாடு. பல வீடுகளில் இது தலைகீழாக இருக்கிறது. சண்டை முழுக்கத் தட்டைப் பற்றி நடக்கும், பீடியை "ரெண்டுதானே" என்று விட்டுவிடுவார்கள்.

அந்த "ரெண்டுதானே" இதயத்துக்குச் செல்லாது. நாளைக்கு ஒரே ஒரு சிகரெட் குடிப்பவருக்குக்கூட, இருபது குடிப்பவருக்கு வரும் கூடுதல் இதய நோய் ஆபத்தில் ஏறத்தாழ பாதி வந்துவிடுகிறது. பீடியும் அதே புகைதான். குறைத்துக்கொள்வதில் இதயத்துக்குக் கிடைக்கும் லாபம் சொற்பம், முழுதாக விட்டால்தான் பெரிய லாபம். விட்டு ஒரு வருடத்தில் கூடுதல் ஆபத்து ஏறக்குறைய பாதியாகக் குறையும். எந்த மாத்திரையும் தனியாக இவ்வளவு தந்துவிடாது.

நல்ல செய்தி, அவர் ஏற்கெனவே இரண்டு மாதம் விட்டிருந்தார் என்பது. தன்னால் முடியும் என்பதற்கு அவரிடமே சாட்சி இருக்கிறது. அதைக் குத்திக்காட்டாமல், எந்த நாளில், யாரோடு, எந்த இடத்தில் முதல் பீடி திரும்ப வந்தது என்று கேளுங்கள். பெரும்பாலும் ஏலத்துக்கு முன் நாலு மணிக்கு அதே டீக்கடை, அதே கூட்டாளிகள், ஒருவர் நீட்டுகிறார் என்றுதான் பதில் வரும். டீயும் பீடியும் அவர் மூளையில் ஒன்றாகப் பின்னிக் கிடக்கின்றன. முதல் மூன்று வாரம் வீட்டு ஃபிளாஸ்க்கில் டீ கொடுத்தனுப்புங்கள், படகுப் பக்கம் நின்று குடிக்கட்டும். தீப்பெட்டி சட்டைப்பையில் வேண்டாம். கூட்டாளிகளில் ஒருவரிடமாவது "எனக்கு நீட்டாதே" என்று அவரே வாய்விட்டுச் சொல்லட்டும், நீங்கள் போய்ச் சொல்லாதீர்கள். விட்ட பிறகு முதல் மூன்று நான்கு நாள் எரிச்சல், தலைவலி, தூக்கமின்மை உச்சத்தில் இருக்கும். இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் தணியும். அந்த நாட்களில் அவர் கோபத்துக்கு வீட்டில் யாரும் பதில் பேசாமல் இருப்பதே பெரிய உதவி.

ஆசை எழுந்தால் அது சில நிமிடத்தில் இறங்கிவிடும், அந்த நிமிடங்களைக் கடக்க 2 மி.கி. நிக்கோட்டின் சூயிங்கம் உதவும். இவருக்கு மாரடைப்பு வந்து ஐந்து மாதம் ஆகிவிட்டதால் பொதுவாகத் தடையில்லை, ஆனாலும் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள். சாதாரண சூயிங்கம்போல மென்றுகொண்டே இருந்தால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் வரும், அதோடு பலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். மெதுவாக மென்று, சுருக்கென்று காரம் தெரிந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். காரம் குறைந்ததும் மறுபடி இரண்டு மூன்று மெல்லல். இப்படி அரை மணி நேரம். டீ குடித்துக் கால் மணி நேரம் கழித்துத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் மருந்து சரியாக உறிஞ்சப்படாது. புகையிலையை விடுவதற்கான தேசிய இலவச எண் 1800-11-2356, அங்கே தமிழிலும் பேசலாம். பீடிக்குப் பதில் வாயில் அடக்கும் புகையிலைக்கு மாறுவது விடுவதாகாது. இடையில் ஒன்று குடித்துவிட்டால், "எல்லாம் போச்சு" என்று இருவருமே நினைக்காதீர்கள். அன்று மாலையே மறுபடி நிறுத்தினால் போதும், விட்ட நாட்கள் வீணாகவில்லை.

நடையைப் பற்றி அவர் சொல்வதில் பாதி உண்மை. உட்கார்ந்தே இருப்பவரைவிட அவர் நிலைமை மேல். ஆனால் ஏலக்கூடத்தில் பத்தடி நடந்து ஐந்து நிமிடம் நிற்கும் வேலையில் இதயத் துடிப்பு தொடர்ந்து உயர்ந்து நிற்பதில்லை. இதயத்துக்கு வேண்டியது நிற்காமல் பத்து நிமிடமாவது செல்லும் வேகநடை, வாரத்துக்கு மொத்தம் 150 நிமிடம். வேகத்தை நாடி பார்த்துக் கணக்கிட வேண்டாம். இதயத் துடிப்பைக் குறைக்கும் மெட்டோப்ரோலால், பிசோப்ரோலால் வகை மாத்திரை எடுத்தால் நாடி அவ்வளவாக உயராது, கணக்கு தப்பாகும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் சரியான வேகம். முதல் வாரம் பத்து நிமிடம் இரண்டு வேளை, ஒவ்வொரு வாரமும் ஐந்து நிமிடம் கூட்டி, அரை மணி நேரம் வாரம் ஐந்து நாள் என்ற இடத்துக்கு வரட்டும். இந்த வேகநடைக்கு முன் ஐந்து நிமிடமும் பின் ஐந்து நிமிடமும் மெதுவாக நடக்க வேண்டும், சட்டென்று நிறுத்தினால் தலைசுற்றலாம். எக்கோ என்ற இதய ஸ்கேனில் இதயம் பம்ப் செய்யும் திறன் குறைவு என்று எழுதியிருந்தால், கூட்டுவதற்கு முன் மருத்துவரிடம் கேளுங்கள்.

தேவனாம்பட்டினம் சில்வர் பீச் பக்கம் போனால் முதலில் கரைச் சாலையில்தான் நடக்க வேண்டும். உலர்ந்த மணலில் கால் புதைவதால் அதே வேகத்துக்கு இதயம் வெகுவாகக் கூடுதல் வேலை செய்யும். சர்க்கரை இருப்பதால் வெறுங்காலும் கூடாது, சிப்பி குத்தியது தெரியாமலேயே புண்ணாகிவிடும். நேரம்? ஏலம் முடிந்து வீடு திரும்பும்போது எட்டு ஒன்பது மணி வெயில், கோடையில் அது ஆகாது. மாலை ஐந்தரை மணி அவருக்கு ஒத்துவரும். பகல் தூக்கம் முடிந்து எழுந்ததும் முகம் கழுவி, செருப்பு மாட்டி, நடந்துவிட்டு வந்து டீ என்று அந்த டீயோடு கட்டிவிடுங்கள். "நேரம் கிடைக்கும்போது நடக்கிறேன்" என்பது நடக்காது. சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், அதே சமயம் வெறும் வயிறும் கூடாது. கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுத்தால் சட்டைப்பையில் குளுக்கோஸோ இரண்டு மிட்டாயோ இருக்கட்டும். மேலே சொன்ன மெட்டோப்ரோலால் வகை மாத்திரை எடுப்பவர்களுக்குச் சர்க்கரை இறங்கும்போது படபடப்பு தெரியாமல் போகலாம், வியர்வைதான் முக்கிய அடையாளம்.

மீன் பெட்டி தூக்குவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐஸ் போட்ட பெட்டியை மூச்சடக்கித் தம் பிடித்துத் தூக்கும்போது ரத்த அழுத்தம் சட்டென்று ஏறுகிறது. தூக்கும்போது வாய்வழியாக மூச்சை விட வேண்டும். முழுப் பெட்டியை இருவராகவோ தள்ளுவண்டியிலோ நகர்த்தட்டும்.

சாப்பாட்டில் அவருடைய சம்மதத்துக்குக் காத்திருக்காமல் நீங்கள் செய்யக்கூடியது நிறைய. முதலில் தனிச் சமையலை இன்றோடு நிறுத்துங்கள். தனித்தட்டு அவரை ஒவ்வொரு வேளையும் நோயாளி என்று சொல்லிக் காட்டுகிறது, தள்ளிவிடாமல் என்ன செய்வார்? ஒரே குழம்பு, எல்லோருக்கும். அந்தக் குழம்பில் உப்பை ஒரேயடியாக எடுக்காமல் கால் பங்கு குறையுங்கள். மூன்று வாரம் கழித்து இன்னும் கொஞ்சம். நாக்கு சில வாரங்களில் பழகிவிடும். புளி, எலுமிச்சை, மிளகு, பூண்டு, கொத்தமல்லி கூட்டினால் குறைவே தெரியாது. ஒருவருக்கு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள், அதாவது ஒரு டீஸ்பூன் அளவுக்குள், எல்லாம் அடங்க வேண்டும். தினமும் அளந்து சமைக்க முடியாது, அதனால் பாக்கெட்டில் தேதி எழுதிவிடுங்கள். நான்கு பேர் வீட்டில் ஒரு கிலோ உப்பு இரண்டு மாதம் வர வேண்டும். எண்ணெய் எல்லாம் சேர்த்து மாதம் இரண்டு லிட்டர். முன்னதாகத் தீர்ந்தால் எங்கே போனது என்று அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம். இந்துப்பும் பெரும்பாலும் அதே சோடியம்தான், அதற்கு மாறுவதில் பயனில்லை. "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்பதில் பொட்டாசியம் இருக்கும். டெல்மிசார்ட்டன், ராமிப்ரில் போன்ற ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் அது ஆபத்தாகலாம், கேட்காமல் வாங்காதீர்கள்.

மீன் வியாபாரி வீட்டில் மீனையும் நிறுத்தியிருந்தால் அவருக்கு எவ்வளவு கசந்திருக்கும்! நிறுத்த வேண்டியதே இல்லை. மத்தி, கானாங்கெளுத்தி, நெத்திலி இவை இதயத்துக்கு நல்ல கொழுப்பு உள்ளவை, விலையும் குறைவு. வாரம் இரண்டு மூன்று நாள் குழம்பாக வையுங்கள், அல்லது மசாலா தடவி தோசைக்கல்லில் ஒரு டீஸ்பூன் எண்ணெயில் புரட்டி எடுங்கள். கெடுதல் வருவது எண்ணெயில் முக்கிப் பொரிப்பதிலும், அந்த எண்ணெயை மறுநாள் மறுபடி காய்ச்சுவதிலும்தான். கருவாடு மட்டும் உண்மையிலேயே விட வேண்டியது. எவ்வளவு அலசினாலும் உப்பு முழுதாகப் போகாது. கேழ்வரகுக் கூழ் நல்லதுதான், ஆனால் சொம்பு சொம்பாகக் குடித்தால் சர்க்கரை ஏறும். கூடவே வைக்கும் மோர்மிளகாயும் ஊறுகாயும் அன்றைய உப்பில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். சின்ன வெங்காயம் கடித்துக்கொள்ளட்டும். மதியத் தட்டில் பாதி காய், கால் பங்கு சோறு, கால் பங்கு மீனோ பருப்போ என்று பரிமாறுங்கள். காயை முதலில் வைத்துவிட்டால் சோற்றுக்கு இடம் தானாகக் குறையும்.

இஞ்சி, பூண்டு, எலுமிச்சைச் சாறு காய்ச்சிக் குடித்தால் அடைப்பு கரையும் என்று செல்போனில் வருவதை நம்பி மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். எந்தச் சாறும் ரத்தக்குழாய் அடைப்பைக் கரைக்காது. குடிப்பழக்கம் பற்றி நீங்கள் எழுதவில்லை. இருந்தால் மருத்துவரிடம் மறைக்க வேண்டாம். "கொஞ்சம் குடித்தால் இதயத்துக்கு நல்லது" என்பதும் நம்பத் தகுந்ததல்ல.

வீட்டுப் பேச்சு மாற வேண்டும். "ஏன் நடக்கல, ஏன் பீடி குடிச்சீங்க" என்று தொடங்கும் கேள்விக்குச் சாக்கு மட்டும்தான் பதிலாக வரும். ஏலம் மந்தமான ஒரு நாள், மகனும் இல்லாத நேரத்தில், "என்னங்க, இதுல எதை முதல்ல உங்களால செய்ய முடியும்னு தோணுது?" என்று கேளுங்கள். ஏதோ ஒன்றைச் சொல்வார். "பத்துக்கு எவ்வளவு நம்பிக்கை?" என்று கேளுங்கள். ஏழுக்குக் கீழே சொன்னால் இலக்கு பெரிது, சின்னதாக்குங்கள்: அரை மணி நடைக்குப் பதில் பத்து நிமிடம், வாரம் ஐந்து நாளுக்குப் பதில் மூன்று. செய்த நாளில் காலண்டரில் அவரே கோடு போடட்டும். வாரத்தில் ஒரே ஒரு முறை இருவரும் சேர்ந்து அதைப் பாருங்கள், மற்ற ஆறு நாள் அதைப் பற்றிப் பேச்சே வேண்டாம். போட்ட கோடுகளை முதலில் சொல்லுங்கள். மகன் புத்தி சொல்வதைவிட, மாலையில் கூட நடப்பது பலமடங்கு உதவும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மாரடைப்பு வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு நோய் வருகிறது. ஆண்களிடம் அது அழுகையாக வராமல் எரிச்சலாக, தட்டைத் தள்ளுவதாக, எதிலும் பிடிப்பில்லாமல் வரலாம். இரண்டு வாரத்துக்கு மேல் அப்படி இருந்தால் மருத்துவரிடம் அதைத் தனியாகச் சொல்லுங்கள். அதற்குச் சிகிச்சை உண்டு. அதைச் சரிசெய்யாமல் எந்த வாழ்க்கை மாற்றமும் நிலைக்காது. பலத்த குறட்டை, இடையில் மூச்சு நின்று திணறுவது இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

அவசரத்துக்கு: நெஞ்சு அழுத்தம், தாடை அல்லது இடக்கை வலி வந்தால் உடனே உட்கார வைத்து, மருத்துவர் தந்திருந்தால் 5 மி.கி. சார்பிட்ரேட் ஒன்றை நாக்குக்கு அடியில் வையுங்கள். ஐந்து நிமிடத்தில் போகவில்லை என்றால் 108. பைக்கில் ஏற்றாதீர்கள், வாயு என்று சோடா தேடாதீர்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே இல்லாமல் திடீர் வியர்வையும் மூச்சுத்திணறலும் மட்டும் வரலாம். ஆண்மைக்கான மாத்திரை எடுத்திருந்தால் சார்பிட்ரேட் கூடாது, ரத்த அழுத்தம் அபாயகரமாக இறங்கிவிடும். இதை அவரிடமும் சொல்லி வையுங்கள்.

அடுத்த பரிசோதனைக்கு நீங்களும் கூடப் போங்கள். ஜிப்மரோ, மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனையோ, தனியார் மருத்துவமனையோ, எங்கே காட்டினாலும் மூன்று எண்களைக் கேட்டு அவர் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு 70-க்குக் கீழ், முடிந்தால் 55-க்குக் கீழ். ரத்த அழுத்தம் 130/80-க்குக் கீழ். மூன்று மாதச் சர்க்கரை அளவு பெரும்பாலோருக்கு 7-க்குக் கீழ். தினமும் விலை எழுதிப் பழகிய கைக்கு இந்த எண்கள் ஏறி இறங்குவது நன்றாகவே புரியும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் வரும். விசைப்படகுகள் கட்டிக்கிடக்கும், வரவு குறையும், மூன்று மணிக்கு எழுகிற வழக்கம் கலையும். டீக்கடையில் உட்காரும் நேரம் கூடும். மாலை டீயோடு கட்டிய நடையும் சாப்பாட்டு வேளையோடு கட்டிய மாத்திரையும் அப்போதுதான் நழுவும். அதனால் மார்ச் மாதக் கடைசியிலேயே இருவரும் உட்கார்ந்து, அந்த இரண்டு மாதத்துக்கு எழும் நேரம், மாத்திரை நேரம், நடக்கும் நேரம் மூன்றையும் புதிதாகக் காலண்டரில் எழுதிக்கொள்ளுங்கள். வெயில் காலம் என்பதால் நடையைக் காலை ஆறு மணிக்கு முன்பே முடிப்பதுபோல வையுங்கள், அப்போதும் வெறும் வயிறு கூடாது.